இது பேப் ரூத் போட்ட கையெழுத்துதானா?

1939 ஜூன் 12. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் ஆட்டத்துக்கான புகழ் மண்டபம் திறக்கப்பட்டது. மண்டபத்தில் இடம்பெறத் தேர்வானவர்களில் அன்று உயிரோடிருந்த 11 பேரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். ஆனால் எல்லாரையும் உட்காரவைத்து எடுத்த படத்தில் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். டை காப் தாமதமாக வந்து சேர்ந்ததால் படத்தில் விடுபட்டுப் போனார். அன்றைக்குக் கைமாறிக் கைமாறிச் சுற்றிய ஒரு பந்தில் மட்டும் அவரும் விடுபடவில்லை. பதினொரு கையெழுத்தும் அதில் இருக்கின்றன. 2018-ல் அந்தப் பந்து 6 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம் கணக்கில் நான்கு கோடி ரூபாயைத் தாண்டும்.

இன்று புதிதாக வாங்கினால் ஒரு பந்து சில ஆயிரம் ரூபாய்தான். மிச்சக் கோடிகள் அத்தனையும் அதன்மேல் காய்ந்திருக்கும் மைக்குத் தந்த விலை. மை மலிவு, பேனா மலிவு, பழைய பந்தும் தேடினால் கிடைக்கும். அப்படியானால் யார் வேண்டுமானாலும் நாலு பெயரை எழுதிக் கோடீஸ்வரர் ஆகிவிடலாமே? முயன்றவர்கள் ஏராளம். அவர்களைப் பிடிப்பதற்காக வளர்ந்த கலை, பார்க்கப் பார்க்க வியப்பூட்டுவது. அதன் அடிப்படையிலேயே ஒரு வினோதம் இருக்கிறது. ‘இது உண்மையான கையெழுத்து’ என்று அறிவிக்கும் கருவி உலகில் எங்கும் இல்லை. இருக்கிற சோதனைகள் எல்லாம் ‘இது பொய்’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவை. அத்தனை சோதனைக்கும் தாக்குப்பிடித்து வெளியே வரும் பந்தைத்தான் நிபுணர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் விசாரணை கையெழுத்தைப் பற்றியதே இல்லை, பந்தைப் பற்றியது. பேஸ்பால் நம் கிரிக்கெட் பந்தைவிட ஒரு சிட்டிகை பெரிது, சற்றே இலேசு. சுற்றளவு 23 செ.மீ. அளவில், எடை 142 முதல் 149 கிராம். நடுவில் ரப்பர் போர்த்திய தக்கை. அதன்மேல் சுற்றியிருக்கும் நூலைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 337 மீட்டர் வரும். பள்ளி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓடுகிறவர் கடைசித் திருப்பத்தைத் தாண்டுகிற தூரம் அது. எல்லாவற்றுக்கும் மேலே, எட்டு என்ற எண்ணின் வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல்கள். அவற்றை 108 இரட்டைத் தையல்களால் இணைக்கும் வேலையை இன்றும் இயந்திரத்திடம் கொடுக்கவில்லை. கோஸ்டாரிகா நாட்டின் துரியல்பா நகரில் தொழிலாளர்கள் கையாலேயே தைக்கிறார்கள். இந்த உறுப்புகள் பலவும் வெவ்வேறு ஆண்டுகளில் மாறியிருக்கின்றன. போலி செய்பவர் அத்தனை மாற்றங்களையும் நினைவில் வைத்தாக வேண்டும். சோதிப்பவருக்கோ ஒரே ஒரு பிசகு அகப்பட்டால் போதும்.

அப்படிப்பட்ட பிசகு பெரும்பாலும் அகப்படுவது பந்தின் மேலுள்ள அச்சில். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரும் போட்டி அமைப்புகளும் 1999 வரை தனித்தனிப் பந்துகளை வைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த லீக்கின் அப்போதைய தலைவர் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கின் தலைவராக 1931 முதல் 1959 வரை இருந்தவர் வில்லியம் ஹாரிட்ஜ். அடுத்து வந்தவர் ஜோ குரோனின். பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகம் தேடப்படும் கையெழுத்துக்குச் சொந்தக்காரரான பேப் ரூத் 1948 ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். ஆகவே குரோனின் பெயர் அச்சிட்ட பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் பூதக்கண்ணாடி தேவையில்லை. ரூத் இறந்து பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பதவிக்கு வந்தவரின் பந்து அது.

தலைவர் பெயர் பொருந்திவிட்டாலும் நிம்மதி இல்லை. ராபர்ட்டோ கிளெமென்டே என்ற ஆட்டக்காரர், நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று உயிரிழந்தார். அவருடைய கடைசி ஆண்டுகளில் நேஷனல் லீக் தலைவர் சப் ஃபீனி. 1970-ல் பதவிக்கு வந்தவர். எனவே ஃபீனி பெயருள்ள பந்தில் கிளெமென்டே கையெழுத்து இருப்பது நடக்கக்கூடியதே. ஆனால் ஃபீனி 1986 வரை அதே நாற்காலியில் இருந்தார். இடையில் 1977-ல், ஒரு நூற்றாண்டாகப் பந்து தந்துவந்த ஸ்பால்டிங் நிறுவனம் விலகி ராலிங்ஸ் நிறுவனம் வந்தது. 1974-ல் குதிரைத் தோலுக்குப் பதில் மாட்டுத் தோல் வந்தது. ஃபீனி பெயரும் ராலிங்ஸ் முத்திரையும் சேர்ந்திருக்கும் பந்தில் கிளெமென்டே கையெழுத்தைப் பார்த்தால், பெயர் ‘ஆம்’ என்கிறது, முத்திரை ‘இல்லை’ என்கிறது. இங்கே ஒரு ‘இல்லை’ நூறு ‘ஆம்’களை அடித்துவிடும்.

தையல் நூலும் பேசும். பேஸ்பால் என்றதும் நினைவுக்கு வரும் முழுச் சிவப்புத் தையல் 1930களின் நடுவில்தான் இரு லீக்குக்கும் பொதுவானது. அதற்கு முன் அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக் பந்தில் சிவப்பும் கறுப்பும் பின்னிக் கிடந்தன. 1920களின் ஆட்டத்தில் பயன்பட்டது என்று சொல்லப்படும் அதிகாரப்பூர்வப் பந்தில் வெறும் சிவப்பு நூல் இருந்தால் விற்பவரிடம் கேட்க நிறையக் கேள்விகள் இருக்கின்றன.

பந்து தேர்ச்சி பெற்றால் அடுத்தது பேனா. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில். ரூத்தின் அணித் தோழர் லூ கெரிக் 1941-லேயே இறந்துவிட்டார். கெரிக் பெயரைப் பால்பாயின்ட்டில் எழுதியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மாட்டிக்கொள்வார். ரூத்துக்கோ அந்தப் பேனாவைப் பிடிக்க மூன்று ஆண்டுக்கும் குறைவான அவகாசமே இருந்தது. ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா 1964-ல்தான் பிறந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் இந்தப் பேனாக்களின் தடங்கள் தனித்தனியாகத் தெரியும். ஊற்றுப் பேனாவின் பிளவுபட்ட முள், அழுத்தும்போது இரண்டாக விரிந்து இணைகோடுகளாகத் தடம் பதிக்கும். பால்பாயின்ட்டின் குண்டு தோலில் பள்ளம் பறித்து, திரும்பும் இடங்களில் மையைக் குழம்பாகக் கக்கும். மார்க்கர் மை தோலுக்குள் ஊறிப் பரவும்.

சரி, பழைய பந்தும் பழைய ஊற்றுப் பேனாவும் ஒருவருக்குக் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவரைக் காட்டிக்கொடுப்பது வரிசை. தோல் மூப்படையும்போது அதன் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழும். 1930-ல் எழுதிய கையெழுத்தின் மேல் பிற்பாடு வெடிப்பு விழுந்தால் அது மைக்கோட்டையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே வெடித்த தோலில் இன்று எழுதினாலோ மை வெடிப்புக்குள் இறங்கி ஓரங்களில் கசியும். கோடு ஒன்றுதான். வெடிப்பு முதலில் வந்ததா, மை முதலில் வந்ததா என்பதை நுண்ணோக்கி பிரித்துச் சொல்லிவிடுகிறது.

அக்காலச் சேகரிப்பாளர்கள் கையெழுத்து அழியாமலிருக்கப் பந்துக்கு அரக்கு மெருகு பூசி வைத்தார்கள். தேன் நிறத்தில் மின்னும் அந்தப் பூச்சு பழமைக்கு அடையாளம் ஆனதால் போலி செய்பவர்களும் அதையே பூசினார்கள். புற ஊதா ஒளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஊதாவுக்கு அப்பாற்பட்ட ஒளி, பட்டால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மை பூச்சுக்கு அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

அதே விளக்கு இன்னொரு தந்திரத்தையும் அம்பலப்படுத்துகிறது. இரண்டு தையல் வரிசைகளும் மிக நெருங்கி வரும் இடத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஓர் அணியே கையெழுத்திட்ட பந்தில் அந்த இடத்தை மரபாக மேலாளருக்கு விட்டுவைப்பார்கள். ஒரே ஒருவர் அந்த இடத்தில் தனியாகக் கையெழுத்திட்ட பந்துக்குத்தான் விலை எகிறும். ஆகவே ரூத்தோடு சேர்ந்து கையெழுத்திட்ட மற்றவர்களின் பெயர்களைச் சிலர் அழித்துவிடுகிறார்கள். ரூத் எழுதியது அசல்தான். அவர் தனித்திருப்பது மோசடி. வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் தோலில் புற ஊதா ஒளி பட்டதும், அழிக்கப்பட்ட பெயர்களின் சாயல் மீண்டும் தலைகாட்டும். மங்கிய கோட்டின்மேல் பிற்காலத்தில் பூசிய புது மையும் வேறு நிறத்தில் தனித்து நிற்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் கையெழுத்தின் முறை. நீங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது விரல்களும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன. அதையே கரும்பலகையில் பெரிதாகப் போட்டால் தோளும் முழங்கையும் வேலை செய்கின்றன. தசைகள் வேறு, வடிவம் மட்டும் உங்களுடையதாகவே இருக்கிறது. காரணம், கையெழுத்து மூளையில் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஓர் அசைவாகச் சேமிக்கப்படுகிறது. போலி எழுதுபவருக்குக் கிடைப்பது படம் மட்டுமே. படத்தைப் பார்த்து வரைந்தால் வேகம் குறையும். அசலில் பேனா ஓடிக்கொண்டே இறங்கி ஓடிக்கொண்டே மேலெழும். கோடுகளின் தொடக்கமும் முடிவும் கூர்ந்து மெலியும். வரைந்ததில் முனைகள் மழுங்கியிருக்கும், வளைவுகளில் நடுக்கம் தெரியும், பேனாவைத் தூக்கி யோசித்துவிட்டு மீண்டும் வைத்த இடங்கள் புள்ளிகளாக நிற்கும். அதிலும் பந்து உருண்டை. இடக்கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே ஒரே வீச்சில் எழுதுவது ஆயிரக்கணக்கான பந்துகளில் பழகிய கைக்குத்தான் வரும்.

அப்படியானால் அச்சு அசலாக, மயிரிழை பிசகாமல் பிரதி எடுத்துவிட்டால்? அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1860களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில்வியா ஆன் ஹாவ்லாண்ட் என்ற செல்வச் சீமாட்டியின் உயில் வழக்கு மன்றம் ஏறியது. ஆவணத்தில் இருந்த இரண்டு கையெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்தின. ஹார்வர்டின் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸும் அவர் மகன் சார்லஸும் அந்த அம்மையாரின் 42 அசல் கையெழுத்துகளை எடுத்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழிறங்கும் 30 கோடுகள். இரண்டு கையெழுத்துகளுக்கிடையே சராசரியாக ஐந்தில் ஒரு கோடுதான் பொருந்தியது. முப்பதும் ஒருசேரப் பொருந்த வாய்ப்பு எவ்வளவு? 2,666 என்று எழுதி, பின்னால் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒன்று என்றார் பியர்ஸ். அவர் கணக்குப் போட்ட முறையைப் பிற்காலப் புள்ளியியலாளர்கள் குறை சொன்னதுண்டு. ஆனால் அதன் சாரம் இன்றும் நிற்கிறது. மனிதக் கை தன்னையே அச்சடிப்பதில்லை. அளவுக்கு மீறிய ஒற்றுமையே போலியின் அடையாளம்.

நடுக்கம் இருந்தால் போலி என்று சூத்திரம் போட்டுவிடலாமா? கூடாது. ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன் நூறாண்டுக்கு முன் ஆடிய மாபெரும் மட்டையாளர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தேவைப்பட்ட இடங்களில் பெரும்பாலும் அவர் மனைவி கேட்டியே அவருக்காகக் கையெழுத்துப் போட்டார். அரிதாக அவரே போட்டபோது தன் பெயரை எழுதவில்லை, வரைந்தார். ஆகவே அவருடைய அசல் கையெழுத்தில்தான் தயக்கம் இருக்கும். சரளமாக ஓடும் ஜாக்சன் கையெழுத்து சந்தேகத்துக்குரியது. அவர் கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 2021-ல் 14 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. எந்தத் தடயத்தையும் அந்த மனிதரின் வாழ்க்கையோடு வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் சிக்கலானது, ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் பிறந்த போலி. ரசிகர்கள் கேட்டு மூட்டை மூட்டையாகப் பந்துகள் வரும்போது, நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக உடைமாற்று அறையின் உதவியாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது பழைய வழக்கம். பந்து அசல், மை அசல், ஆண்டும் பொருந்தும், எழுத்தில் தயக்கமும் இருக்காது. ஏனென்றால் அந்த உதவியாளர் ஆயிரம் முறை பழகியவர். பந்தை வாங்கிப்போன குடும்பம் ‘தாத்தா மைதானத்திலேயே வாங்கினார்’ என்று சொல்வதும் முழு உண்மை. இத்தகைய உதவியாளர்களின் கைப்பழக்கத்தையும் நிபுணர்கள் தனியாகச் சேகரித்து ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

1990களின் பிற்பகுதியில் இந்தச் சண்டையில் போலிகளின் கை ஓங்கியது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் விசாரணை நடத்தி, 1999 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் பெரும் சோதனைகளில் இறங்கியது. ஒரு கும்பல் பழைய பந்துகளைத் தேடி வாங்கி, அரக்கு பூசி, கையெழுத்தோடு ‘இது உண்மையானது’ என்ற சான்றிதழையும் சேர்த்தே தயாரித்துக்கொண்டிருந்தது. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழை அச்சடிப்பதா கடினம்? அகப்பட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் இருந்தது! சான் டியாகோ அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் அணியின் சொந்தக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துப் பொருட்களைக் கண்டார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு விடையாகத்தான் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் புத்திசாலித்தனம், கையெழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டதில் இருக்கிறது. ஆட்டக்காரர் எழுதும்போது பயிற்சி பெற்ற ஓர் அலுவலர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்ப்பார். இவர்கள் பெரும்பாலும் காவல் துறையில் பணியாற்றுபவர்கள் அல்லது அங்கே ஓய்வு பெற்றவர்கள். பார்த்த உடனே பந்தில் ஹாலோகிராம் வில்லை ஒன்றை ஒட்டுவார். ஒவ்வொரு வில்லைக்கும் தனி எண். அந்த எண்ணைக் கொடுத்தால் அது எந்தப் பொருள் என்ற விவரம் யாருக்கும் கிடைக்கும். உரித்து வேறு பந்தில் ஒட்ட முயன்றால் வில்லை சிதைந்துவிடும். குற்ற வழக்குகளில் தடயப் பொருள் யார் யார் கையில் இருந்தது என்று இடைவெளியின்றிப் பதிவு செய்வதைக் ‘காவல் சங்கிலி’ என்பார்கள். அதையே விளையாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் வில்லை கிடையாது. கூட்டத்துக்குள் விழுந்து ஒரு கணம் பார்வையிலிருந்து மறைந்த பந்துக்கும் இதே விதிதான். ஆட்டக்காரரே வந்து ‘என் கையெழுத்துதான்’ என்றாலும் பார்த்த கண் இல்லையென்றால் ஒட்ட மாட்டார்கள்.

ஆனால் சாதனைப் பந்துகள் கூட்டத்துக்குள்தானே போய் விழுகின்றன? அதற்கும் வழி கண்டார்கள். 1998-ல் மார்க் மெக்வயர், 2022-ல் ஆரன் ஜட்ஜ் போன்றவர்கள் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடி) சாதனையை நெருங்கியபோது, அவர்களுக்கு வீசுவதற்கென்றே இரகசியக் குறியிட்ட பந்துகள் களமிறங்கின. யார் பிடித்தாலும் குறி காட்டிக்கொடுத்துவிடும். 30 லட்சம் டாலருக்கு விலைபோன மெக்வயரின் 70-ஆவது ஹோம் ரன் பந்தில், செயற்கை டி.என்.ஏ. கலந்த மையால் கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் பிற்பாடு இடப்பட்டது. ஆடிய பந்துக்கு இயற்கையே ஓர் அடையாளம் தருகிறது. புதுப் பந்தின் வழுவழுப்பைப் போக்க, டெலாவேர் ஆற்றின் கிளையாறு ஒன்றின் கரையில் எடுக்கும் சேற்றை ஒவ்வொரு பந்திலும் தேய்த்த பிறகே ஆட்டத்துக்கு அனுப்புகிறார்கள். 1938-ல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் தொடங்கிவைத்த பழக்கம். இந்தச் சேறு களிம்பைப்போல் வழுக்கிப் பரவி, காய்ந்ததும் மணல்தாளைப்போல் பிடிப்புக் கொடுக்கிறது என்று 2024-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ‘ஆட்டத்தில் ஆடியது’ என்று விற்கப்படும் பந்து பால் வெள்ளையாகப் பளபளத்தால் சந்தேகப்படலாம்.

உண்மை என்று முடிவான பிறகு மதிப்பீடு தொடங்குகிறது. பந்தின் தோலுக்கும் கையெழுத்தின் அழுத்தத்துக்கும் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ரூத் கேட்டவர்க்கெல்லாம் சலிக்காமல் கையெழுத்திட்டவர். அவர் கையெழுத்து அரிதே இல்லை. அரிதாக இருப்பது கறுக்காத, மங்காத ரூத் பந்து. வெயில் மையைத் தின்கிறது, விரலின் எண்ணெய் தோலைப் பழுப்பாக்குகிறது, ஈரம் பூஞ்சையைக் கூப்பிடுகிறது. பெருமையோடு சன்னலோரம் வைத்த பந்து சில ஆண்டுகளில் மதிப்பிழக்கும். அலமாரியின் இருட்டில் மறந்துபோன பந்து மதிப்பைக் காத்துக்கொள்ளும்.

ஹாலோகிராம் 2001-க்குப் பிந்திய பந்துகளுக்குத்தான் உதவும். அதற்கு முந்தையவை எல்லாம் இன்னும் பழைய விசாரணையைச் சந்தித்தே தீர வேண்டும். அந்த விசாரணையின் பெரும்பகுதிக்கு ஆய்வகமே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அச்சிலுள்ள தலைவர் எந்த ஆண்டில் பதவிக்கு வந்தார்? பந்தைச் செய்த நிறுவனம் எது? நூல் என்ன நிறம்? அந்தப் பேனா எப்போது கடைக்கு வந்தது? கையெழுத்துக்காரர் எப்போது இறந்தார்? நான்கைந்து ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பல போலிகள் உதிர்ந்துவிடும். அந்தக் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டுக்கொண்டால் போதும். ஏமாந்தவர்கள் பெரும்பாலும் அதை முதலில் கேட்டவர்கள்தான்.